காயற்கரைக் கோட்டை

தோணிகள் கரை சேரும் துறைக்கு ரேவு என்று பெயர். தெலுங்கில் வழங்கும் இச்சொல், தமிழகத்தின் வடவெல்லைக் கடற்கரையில் ஓர் ஊர்ப்பெயராக நிலைத்திருக்கிறது. பழவேற்காட்டுக் காயலை அடுத்த தோணிரேவு, தொழிலையே பெயராகக் கொண்ட மீனவச் சிற்றூர். அதே பகுதியில் கோட்டைக்குப்பம் என்னும் ஊரும் உண்டு. அங்கே குப்பம் இருக்கிறது. கோட்டையைத்தான் தேட வேண்டும்.

சென்னைக்கு வடக்கே அமைந்த பழவேற்காட்டுக் காயல், ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயலாகும். ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் இதில் நன்னீரைச் சேர்க்க, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுகிறது. முகத்துவாரத்தை மணல் மேடிட்டு அடைப்பதும் உண்டு. பெரிய கப்பல்கள் உள்ளே வர இயலாமல் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, சரக்குகளைப் படகுகளே ஏற்றி இறக்கின. இன்றைய துருக்கியிலுள்ள எபேசு என்னும் பண்டைய கிரேக்க நகரின் துறைமுகமும் ஆற்று வண்டலால் தூர்ந்தது; அந்நகரின் தூண்கள் இன்று கடலை விட்டு விலகி நிலத்தினுள் நிற்கின்றன. பழவேற்காட்டிலோ தண்ணீர் இருக்கிறது, தூண்கள்தாம் இல்லை.

போர்த்துகீசியரைத் தொடர்ந்து வந்த டச்சுக்காரர், விசயநகர அரசின் இசைவுடன் 1610இல் இங்கே பண்டகசாலை அமைத்தனர். இரண்டே ஆண்டுகளில் போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்தனர். எனவே 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்திற்கு இதுவே தலைமையிடம். 1690இல் தலைமை நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1825இல் ஊர் முற்றிலுமாக ஆங்கிலேயர் வசமானது.

டச்சுக்காரரை இங்கு இழுத்தது துணி. சாதிக்காயும் கிராம்பும் விளைந்த கிழக்குத் தீவுகளில், அவற்றுக்கு ஈடாக மக்கள் விரும்பி வாங்கியது தமிழகத்துத் தறித்துணியையே. இக்கரையின் நெசவாளர் இல்லையேல் அந்த நறுமணப் பொருள் வணிகமே நடந்திராது எனலாம். மலாய் மொழியில் கட்டம்போட்ட கைலியை இன்றும் ‘பெலிக்காட்’ என்கிறார்கள். அது பழவேற்காட்டின் பெயர்தான். ஊரைக் கண்டறியாதவரும் அதை இடுப்பில் கட்டியிருக்கின்றனர்!

இன்று கோட்டையைக் காணச் செல்வோர் காண்பது புதர் மண்டிய மேட்டையும் அகழியின் தடத்தையுமே. அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் நிலை வேறு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள அத்தோட்டத்தின் நுழைவாயிலில், கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் வருவோரை எதிர்கொள்கின்றன. உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள். பலகைக் கற்களில் இறந்தவரின் பெயரும் நாளும் குலச்சின்னமும் ஆழமாக வெட்டப்பட்டுள்ளன. கடற்காற்றின் உப்பையும் மீறி எழுத்துகள் படிக்கத்தக்க நிலையில் உள்ளன. கல் தச்சரின் கைத்திறம் வியக்க வைக்கிறது.

அந்த வியப்போடு திரும்பிவிடுவோர் பலர். ஆனால் இத்துறையிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை. பஞ்சமும் போரும் வாட்டிய ஆண்டுகளில், உண்ண வழியின்றி விற்கப்பட்டோரும் பிடித்து வரப்பட்டோரும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக இங்கிருந்து பத்தேவியாவுக்கும் பிற டச்சுக் குடியிருப்புகளுக்கும் அனுப்பப்பட்டனர். பத்தேவியா என்பது இன்றைய சகார்த்தா. வணிகக் குழுமத்தின் ஏடுகளில் அம்மனிதர்கள் துணிப்பொதிகளைப்போல எண்ணிக்கையாகவே பதிவாயினர். எவ்வூரினர், என்ன பெயரினர் என்பதை அறியப் பெரும்பாலும் வழியில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கென ஒரு கல்லும் இல்லை. அவர்களைக் கப்பலுக்குக் கொண்டுசென்ற படகுகள் கடந்த காயலில்தான் தோணிரேவு மீனவர் வலை வீசுகின்றனர்.