அளவை மாற்றமும் அளவைச் சொற்களும்: புதுக்கோட்டை வட்டாரச் சான்றுகளை முன்வைத்து மெட்ரிக் முறை குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நாடு தன் மரபு அளவைகளைக் கைவிட்டு மெட்ரிக் முறைக்கு மாறுவது தகுமா என்னும் வினாவுக்கு இந்தியா 1956 முதல் 1962 வரையிலான ஆண்டுகளில் செயலளவில் விடையளித்தது. அம்மாற்றத்தைப் புதுக்கோட்டை வட்டாரத்தின் அளவைச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. மெட்ரிக் மாற்றம் என்பது இரு வேறு மாற்றங்களின் சேர்க்கை: ஒன்று பொதுத் தர அளவை நிறுவுதல், மற்றொன்று எண்ணடியை மாற்றுதல். முன்னது தமிழக அளவை வரலாறே நெடுங்காலம் நாடிய ஒன்று. பின்னதே மொழிக்கு இழப்பை உண்டாக்கியது. இவ்விரண்டையும் பிரித்துணர்வது கல்வெட்டு ஆய்வுக்கு இன்றியமையாதது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மெட்ரிக் முறை, முந்திரி, அம்மன் காசு, நிலமளக்கும் கோல், ஏழடிப்பட்டம், தொகைமரபு.

முன்னுரை

புதுக்கோட்டை நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் குன்று அமைந்துள்ளது. முந்தைய தலைமுறை இதே தொலைவை 10 மைல் என்றது. குன்றின் ஒரு பக்கத்தில் அறிவர் கோயில் என்னும் குடைவரை உள்ளது. அதன் அகமண்டபத்தை இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியன் புதுப்பித்து, முகமண்டபம் எடுப்பித்த செய்தியை 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு கூறுகிறது. குன்றின் மறுபக்கத்தில், கற்படுக்கைகளும் தமிழி எழுத்துப் பொறிப்பும் கொண்ட இயற்கைக் குகைத்தளம் ஏழடிப்பட்டம் என வழங்குகிறது.

இப்பெயரிலுள்ள 'அடி' அளவை ஆய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டிய சொல். குகைத்தளத்தை அடையப் பாறைச் சரிவில் கால் ஊன்றுவதற்கு வெட்டப்பட்ட ஏழு படிக்குழிகளாலேயே இப்பெயர் அமைந்தது. எனவே, இங்கு 'அடி' என்பது காலடி வைக்கும் இடம். பன்னிரண்டு அங்குலம் கொண்ட நீட்டலளவை அன்று. இதனை உணராத ஒருவர் 'ஏழடி' என்பதை 2.13 மீட்டர் என மாற்றி எழுதினால் கணக்குப் பிழைபடாது. பொருள் முற்றிலும் பிழைபடும். மெட்ரிக் மாற்றம் குறித்த வினாவின் ஒரு பகுதி இச்சிறு சான்றிலேயே அடங்கியுள்ளது. எண்ணை மாற்றுவது எளிது. சொல் சுட்டும் பொருளை மாற்றாமல் காப்பது அரிது.

1. ஒரு பெயர், பல அளவு

மெட்ரிக் முறைக்கு முன் தமிழகத்தில் அளவைகள் இல்லாமல் இல்லை. அளவைகள் மிகுந்திருந்ததே இடர்ப்பாடு. சென்னை மாகாண வழக்கில் 3 தோலா 1 பலம்; 40 பலம் 1 வீசை; 8 வீசை 1 மணங்கு; 20 மணங்கு 1 பாரம். இம்மணங்கு ஏறத்தாழ 25 பவுண்டு, அதாவது 11 கிலோகிராமுக்குச் சற்று மிகுதி. ஆனால் வடஇந்தியாவிலும் இருப்புப்பாதைத் துறையிலும் மணங்கு என்னும் அதே பெயர் 82 பவுண்டுக்கு மேற்பட்ட, ஏறத்தாழ 37 கிலோகிராம் எடையைச் சுட்டியது. பெயர் ஒன்றாயினும் பொருள் மூன்று மடங்குக்கு மேல் வேறுபட்டது. முகத்தலளவையில் பட்டணம்படி, சின்னப்படி, பெரியபடி எனப் படிக்குள்ளேயே வேறுபாடு நிலவியது.

இவ்வேறுபாடு வணிகக் குழப்பத்தோடு நின்றுவிடவில்லை. தானியமே கூலியாகவும் வாரமாகவும் இருந்த சமூகத்தில் மரக்காலின் கொள்ளளவே உழைப்பின் விலையை உறுதிசெய்தது. கூலி அளக்க ஒரு மரக்காலும் வாரம் பெற மற்றொரு மரக்காலும் இருந்தால் கணக்கேட்டில் எந்தத் தவறும் தோன்றாது. களத்தில் மட்டுமே குறை தெரியும். தஞ்சை வட்டாரப் பண்ணையாள் இயக்கத்தின் கோரிக்கைகளுள் முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது இக்காரணம் பற்றியே. ஆகவே, தர அளவு வேண்டும் என்னும் குரலை அரசு அலுவலர்களின் வசதிக்கான குரலாக மட்டும் கருதுவது பொருந்தாது. அது அளவைக் கருவியைத் தம் கையில் வைத்திராதவர்களின் குரலுமாகும்.

2. தர அளவை நாடிய தமிழ் மரபு

பொதுத் தர அளவு என்னும் கருத்து ஐரோப்பாவிலிருந்து வந்த புதுமை அன்று. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லளவைக் குறிக்கும்போது, இராசகேசரிக்கு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்ததாகக் கூறுகின்றன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல்லும், அணிகலன்களை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லும் பயன்பட்டன. அளவைக் கருவிக்குத் தனிப்பெயர் இட்டு, அப்பெயரைக் கல்வெட்டில் பதிவதன் நோக்கம் தெளிவு: எவரும் பின்னாளில் வேறொரு கருவியால் அளந்து அறக்கட்டளையைக் குறைத்துவிடலாகாது.

நில அளவையிலும் இந்நிலையே காணப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டம் உட்படத் தமிழகக் கோயில்கள் பலவற்றின் சுவர்களிலும் அதிட்டானங்களிலும் நிலமளக்கும் கோலின் நீளம் கோடாக வெட்டப்பட்டுள்ளது. ஐயம் எழுந்தால் எவரும் சென்று ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க பொதுச் சான்று அது. பிரான்சு அரசு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டர் கோலைப் பொதுச் சொத்தாக அறிவித்தபோது நாடிய பயனும் இதுவே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எல்லையில்தான். கோயில் கோல் ஒரு நாட்டுக்கோ கூற்றத்துக்கோ உரியது. மீட்டர் உலகு முழுமைக்கும் உரியது.

கோயில் கோல்கள் தம்முள் வேறுபட்டன என்பதும் கருதத்தக்கது. 16 சாண் கோலும் 18 சாண் கோலும் கல்வெட்டுகளில் பயில்கின்றன. ஒரு கோல் சதுரம் ஒரு குழி எனக் கொண்டால் 16 சாண் கோலின் குழி 256 சதுரச் சாண். 18 சாண் கோலின் குழி 324 சதுரச் சாண். நீளத்தில் எட்டில் ஒரு பங்காக இருக்கும் வேறுபாடு பரப்பில் நான்கில் ஒரு பங்கினும் மிகுகிறது. 'நூறு குழி' என்னும் தொடர், கோல் இன்னதெனத் தெரியாதவரை, நிறைவான செய்தி அன்று.

3. முந்நூற்றிருபதும் பத்தும்

பொதுத் தர அளவு ஒன்றே நோக்கமாயின், பழைய வீசையையே நாடு முழுமைக்கும் வரையறுத்திருக்கலாம். 1939ஆம் ஆண்டின் எடைத் தரச் சட்டம் தோலா, சேர், மணங்கு ஆகியவற்றை அவ்வாறே வரையறுக்க முயன்றது. மெட்ரிக் முறை அதனினும் வேறான ஒன்றைச் செய்தது, எண்ணடியையே மாற்றியது.

தமிழ்ப் பின்ன எண் முறையில் மேல்வாய் இலக்கத்தின் சிற்றளவு முந்திரி, அஃது 1/320. காணி 1/80, மா 1/20, மாகாணி அல்லது வீசம் 1/16. 320 என்னும் எண்ணை ஆறு முறை பாதியாக்கலாம். எஞ்சும் 5 கைவிரல் எண்ணிக்கைக்கு இசையும். பாதி, பாதியில் பாதி எனப் பகுக்கும் சந்தைக்கும், ஐந்தும் பத்துமாக எண்ணும் கைக்கும் ஒருங்கே பொருந்திய எண் அது. 10 என்னும் எண்ணையோ ஒரு முறைதான் முழு எண்ணாகப் பாதியாக்க இயலும்.

இவ்வெண் ஏட்டுச்சுவடியோடு நின்றதன்று. சென்னை வழக்கின் 8 வீசை மணங்கில் உள்ள பலங்கள் 320. பலம் மணங்கின் முந்திரி. புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட, பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு ஓர் அணாவில் 20இல் ஒரு பங்கு. ரூபாய்க்கு 16 அணா. எனவே, ரூபாய்க்கு 320 அம்மன் காசு. அணா ரூபாயின் மாகாணி, காசு அணாவின் மா, காசு ரூபாயின் முந்திரி. எண்சுவடி மனப்பாடமான ஒரு சிறுவனுக்கு அம்மன் காசுக் கணக்கு தனியே கற்பிக்கப்பட வேண்டியதில்லை. வாய்பாடே கணக்காக இருந்தது.

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 நயாபைசாவாகப் பகுக்கப்பட்டது. அணா 6.25 நயாபைசா ஆயிற்று. முழு எண்ணில் மாற்ற இயலாமையால் ஓரணா 6 என்றும், ஈரணா 12 என்றும், மூன்றணா 19 என்றும், நாலணா 25 என்றும் கொள்ளப்பட்டன. 1956ஆம் ஆண்டின் எடை அளவைத் தரச் சட்டத்தின்படி மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன; 1962 ஏப்ரலில் வணிகத்தில் கட்டாயமாயின. பிரான்சில் 1795இல் சட்டமான முறை 1812இல் பின்வாங்கி, 1840இல்தான் கட்டாயமாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றத்தை விருப்பத்துக்கு விட்டது. அன்றாட வாழ்வில் அங்கு இன்றும் பவுண்டும் மைலுமே ஆட்சி செய்கின்றன. இவற்றோடு ஒப்பிட, இந்திய மாற்றம் விரைவும் உறுதியும் உடையது.

4. மொழியில் நேர்ந்தது

தொல்காப்பியத் தொகைமரபு, அளவும் நிறையும் குறிக்கும் பெயர்களுக்கு முதலாகும் எழுத்துகள் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்னும் ஒன்பது என வரையறுக்கிறது. இவ்வரையறையைப் புதிய அலகுகளோடு பொருத்தினால் கிலோகிராம், சென்டிமீட்டர், மீட்டர் ஆகியவை அடங்கும். லிட்டர், டன், ஹெக்டேர் ஆகியவை அடங்கா. அவற்றின் முதலெழுத்துகள் தமிழ் மொழிமுதல் மரபுக்கே அயலானவை. ஆயினும் வழக்கில் அவை நிலைபெற்றுவிட்டன. ஒலி அயன்மை அளவைச் சொல்லின் பரவலைத் தடுக்கவில்லை என்பது இதனால் புலனாகிறது.

இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. பேரளவோடு அதன் சிற்றளவு சேரும்போது ஏகாரச் சாரியை வரும் என அதே இயல் கூறும். உழக்கே ஆழாக்கு, காலே காணி என்பன உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். 'முக்காலே மூன்று வீசம்' என்னும் இன்றைய வழக்கும் இவ்விதியின் வழிப்பட்டதே. அதன் மதிப்பு 15/16. இதனைத் தசமத்தில் 0.9375 என எழுதலாம். ஆனால் அவ்வெழுத்தில் பேரளவும் சிற்றளவும் கூடி நிற்கும் உறவு இல்லை. ஏகாரத்துக்கு வேலையும் இல்லை. இன்று இத்தொடரை 'ஏறக்குறைய முழுவதும்' என்னும் பொருளில் வழங்குவோர் பலர். அதன் கணக்கை அறிந்தோர் சிலர்.

வழக்காறு முழுமையாகப் பணிந்துவிடவும் இல்லை. கடையில் அரைக் கிலோ, கால் கிலோ எனக் கேட்பவர் அதற்குக் கீழே அரைக்கால் என்னாமல் நூறு கிராம் என்கிறார். பாதியாக்கும் மரபு கால் வரை வந்து நின்று, பத்தின் மரபுக்கு இடம் விடுகிறது. பவுன் பெயரளவில் நிலைத்து, வணிகத்தில் 8 கிராம் எனப் பொருள் மாறியுள்ளது. பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்க, நிலம் வாங்குவோர் ஏக்கரிலும் சென்டிலும் பேசுகின்றனர். இலங்கையில் மனைநிலம் இன்றும் பேர்ச்சில் விலை பேசப்படுகிறது. அன்றாடம் நிறுக்கும் பொருளில் மாற்றம் விரைவாகவும், வாழ்நாளில் ஓரிரு முறை வாங்கும் நிலத்தில் தாமதமாகவும் நிகழ்வதை இவற்றால் அறியலாம்.

5. கல்வெட்டு ஆய்வுக்கான நெறி

புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடம் 1929இல் நூலாக வெளிவந்தது. அக்கல்வெட்டுகளில் வரும் நில அளவைகளை ஹெக்டேராகவும் நெல்லளவைகளை லிட்டராகவும் மாற்றி, அவற்றைக் கொண்டு விளைச்சலையும் வரிச்சுமையையும் கணக்கிடும் ஆய்வுகள் பெருகுவது இயல்பு. அத்தகைய ஆய்வுகளில் மூன்று நெறிகள் பேணப்பட வேண்டும். முதலாவதாக, மூல அலகை நீக்காமல் அதனருகே மெட்ரிக் மதிப்பைத் தர வேண்டும். இரண்டாவதாக, எந்தக் கோல், எந்த மரக்கால் எனக் கொண்டு மாற்றப்பட்டது என்பதைக் கூற வேண்டும்; கருவி தெரியாத இடத்தில் மாற்றாமல் விடுவதே முறை. மூன்றாவதாக, ஓரிடத்துக் கோலின் அளவைப் பிற வட்டாரத்துக்கு ஏற்றுதல் கூடாது. முன்னர்க் கண்ட 256, 324 என்னும் வேறுபாட்டைப் புறக்கணித்தால், வரி உயர்ந்ததாகத் தோன்றும் இடத்தில் உண்மையில் கோலே மாறியிருக்கக்கூடும்.

முடிவுரை

நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது சரியே. அறிவியலுக்கும் அயல்நாட்டு வணிகத்துக்கும் அது வசதி என்பது ஒரு காரணம். அதனினும் வலிய காரணம், ஒரே பெயரில் பல அளவுகள் இருந்தபோது எளியவரே இழந்தனர் என்பது. கோயில் சுவரில் கோலை வெட்டியவர்களும், மரக்காலுக்கு முத்திரை கேட்டவர்களும் நாடிய நேர்மையை மெட்ரிக் முறை நாடளவில் நிறைவேற்றியது. அதனை மரபுக்கு எதிரானது எனக் கொள்வதற்குத் தமிழக அளவை வரலாறு இடந்தரவில்லை.

எண்ணடி மாற்றத்தின் விலையை மொழி கொடுத்தது. மரபு அளவைகளைச் சந்தைக்குத் திரும்பக் கொணர்தல் அதற்கு ஈடாகாது. முந்திரியும் காணியும் கணக்குகளாக, அவற்றின் தருக்கத்தோடு, தமிழ் இலக்கியக் கல்வியில் கற்பிக்கப்பட வேண்டும். இன்று அவை சொற்பொருள் பட்டியலில் மட்டும் இடம்பெறுகின்றன. அளவை அறியாதவர் கல்வெட்டின் எழுத்தைப் படிக்கலாம். அது யாருக்கு எவ்வளவு கொடுத்தது, யாரிடமிருந்து எவ்வளவு பெற்றது என்பதைப் படிக்க இயலாது.