ஊட்டுவதா? திணிப்பதா?



இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி ஒரு சண்டை நடக்கும். காரணம், முருங்கைக்கீரை. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் தம்பிக்கு, மருத்துவ முகாமில் ரத்தம் கம்மி என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா கீரைக் கிண்ணத்தோடு அவன் பின்னாலேயே நடப்பாங்க. "சாப்பிடலைன்னா டிவி கிடையாது" என்று அப்பா மிரட்டுவார். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவான். ஒருநாள் அத்தனையும் வாந்தி. பிறகு கீரை வாசனை வந்தாலே ஓட ஆரம்பித்தான்.

அம்மா செய்தது சரியா? அறிவியல் ஆசிரியையிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஏன் பிடிப்பதில்லை?

விஷச்செடிகள் பல கசக்கும். அதனால் கசப்பைக் கண்டால் நாக்கு நம்மை எச்சரிக்கிறது. சிறு பிள்ளைகளுக்குக் கசப்பு பெரியவர்களைவிட அதிகமாகத் தெரியும். இரண்டு முதல் ஆறு வயது வரை புது உணவு என்றாலே பயமும் உண்டு. எல்லார் நாக்கும் ஒன்றுபோல இருக்காது. 1931-ல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் கையாண்ட பி.டி.சி. என்ற தூள், கூட வேலை செய்தவருக்குக் கசந்தது. அவருக்கோ ருசியே தெரியவில்லை. இந்த வேறுபாடு பரம்பரையாக வருவது. ஆகவே "கசக்குது" என்று பிள்ளை சொன்னால் அது பொய் என்று நினைக்கக் கூடாது.

கட்டாயப்படுத்தினால்?

அமெரிக்காவில் சிறு குழந்தைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-ல் முடிவு வெளியானது. "குடிச்சு முடி" என்று வற்புறுத்திய சூப்பைவிட, வற்புறுத்தாத சூப்பைத்தான் அதிகம் குடித்தார்களாம்!

அப்படியென்றால் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. இரும்புச்சத்து குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். சோர்வு வரும், பாடத்தில் மனம் நிற்காது. தட்டில் வைப்பது பெற்றோர் கடமை. எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

1. ஒரு ஸ்பூன் மட்டும் வையுங்கள். பத்துப் பதினைந்து தடவை வைத்த பிறகுதான் சில உணவு பழகும்.
2. சாப்பிடவில்லை என்று பதிலுக்கு பிஸ்கட், சிப்ஸ் கொடுக்காதீர்கள்.
3. கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ வேண்டாம்.
4. ரத்தம் கம்மி என்றால் கீரை மட்டும் போதாது. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தக் கூடாது.

கடைசியாக ஒரு உண்மை. ஒருநாள் தம்பி என் தட்டைக் காட்டி, "அக்கா மட்டும் பாகற்காய ஒதுக்குது, அவள ஏன் கேக்கல?" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவன் என்னைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறான்! அன்றிலிருந்து நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாகற்காய் சாப்பிடுகிறேன். வீட்டில் மிரட்டலும் நின்றது. போன வாரம் அடையில் இருந்த முருங்கைக்கீரையை அவன் பொறுக்கிப் போடவில்லை. அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாங்க.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். பழகப் பழகப் பாகற்காயும் ருசிக்கும் என்கிறேன் நான்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி