இடுப்பின் இறுக்கமும் நடையும்

திருவண்ணாமலையில் மலையை வலம்வரும் வழி ஏறக்குறைய 14 கிலோமீட்டர். பெரிய கோயிலினின்று புறப்பட்டு, மலைக்கு மேற்கே அடி அண்ணாமலையை அடையுங்கால் ஏறக்குறையப் பாதி வழி கடந்திருக்கும். சென்ற விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது நண்பர் சிலருடன் அவ்வழி நடந்த யாம், அவ்வூர்க் கோயில் மதிலருகே அமர்ந்துவிட்டோம். பாதத்தில் நோவில்லை, மூச்சும் இரைக்கவில்லை. தொடை இடுப்போடு கூடும் மடிப்பிலும் கீழ்முதுகிலும் கயிறிட்டுக் கட்டினாற்போன்ற இறுக்கம். தலையிற் புற்கட்டுச் சுமந்து சென்ற மூதாட்டியார் ஒருவர் எம்மை நோக்கி, "எழுந்து நடங்க, தம்பி, உக்காந்தா இன்னும் புடிச்சுக்கும்" என்றார். எம் பிணியின் காரணத்தை அவர் ஒரே சொல்லில் உரைத்துவிட்டார் என்பது பின்னரே விளங்கிற்று.

கீழ்முதுகின் எலும்புக் கணுக்களிலிருந்து ஒரு தசையும், இடுப்பெலும்பின் உட்புறத்திலிருந்து மற்றொரு தசையும் இறங்கி, ஒன்றுகூடித் தொடையெலும்பின் மேற்பகுதியைப் பற்றுகின்றன. தொடையை மேலே தூக்குவது இவற்றின் தொழில். நாற்காலியில் அமர்ந்திருக்குங்கால் இவை குறுகிய நிலையிலேயே கிடக்கின்றன. வகுப்பிலும் கணினி முன்னும் நாள்தோறும் எட்டு மணி நேரம் இவ்வாறு கழிப்போர்க்கு, அவை முற்றும் நீளும் பழக்கத்தை இழத்தல் இயல்பே. நடக்கும்போதோ, பின்னிற்கும் கால் இடுப்பைக் கடந்து பின்னே செல்லவேண்டும். அது செல்லாதாயின் இடுப்பெலும்பு முன்சாய்ந்து, கீழ்முதுகு வளைந்து, அக்குறையை ஈடுசெய்யும். ஓரடிக்கு இவ்வளைவு அற்பமே. மலையைச் சுற்றவோ ஏறக்குறைய இருபதாயிரம் அடி வைக்கவேண்டும்.

இவ்விறுக்கத்தை அறியும் சோதனையொன்று, லிவர்ப்பூல் நகரில் எலும்பு வைத்தியம் புரிந்த ஹ்யூ ஓவன் தாமஸ் (1834-1891) என்பவர் பெயரால் வழங்குகிறது. மேசைமீது மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்போடு அணைத்துக்கொள்க. மற்றைத் தொடை மேசையிற் படியாது மேலெழுமாயின், அப்பக்கத்துத் தசை குறுகியுள்ளது எனலாம். எம் இடத்தொடை நான்கு விரற்கடை எழுந்து நின்றது!

இதற்குரிய பயிற்சி எளிது. எனினும் பலர் பிழைபடச் செய்கின்றனர். ஒரு முழங்காலைப் பாயில் ஊன்றி, மற்றைப் பாதத்தை முன்வைத்து, உடலை முன்னே தள்ளுகின்றனர். அவ்வாறு தள்ளின் முதுகு வளையுமேயன்றித் தசை நீளாது. முதலில் ஊன்றிய காலின் பக்கத்துப் புட்டத்தை இறுக்கி, வாலெலும்பை உள்நோக்கி மடக்குக. பின்னரே சிறிது முன்செல்க. 30 வினாடியாகப் பக்கத்துக்கு மும்முறை போதும். மல்லாந்து முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்தும் பயிற்சியைப் பத்து முறை செய்தால் புட்டத்துத் தசையும் வலிவுறும். தரையிற் சம்மணமிட்டால் எல்லாம் தீரும் என்பாரும் உளர். அது தொடையைப் புறந்திருப்பப் பழக்கும். ஆயின் முன்புறத் தசை அப்போதும் மடிந்தே இருக்கின்றது.

இருக்கை, இடுப்பு முழங்காலினும் சற்றே உயர்ந்திருக்குமாறு அமைக. எந்த இருக்கையாயினும் அரைமணிக்கொருமுறை எழுந்து சில அடி நடத்தல் வேண்டும். கவட்டில் கூரிய வலியோ, காலில் மரமரப்போ, நொண்டலோ உடையார் பயிற்சியை நிறுத்தி வைத்தியரை அடைவாராக.

ஆறு வாரம் பயின்றபின் மீண்டும் மலையைச் சுற்றினோம். அடி அண்ணாமலையில் அமரவில்லை. வடபுறத்துக் குபேர லிங்கத்தை நெருங்கியபோது இடப்பக்கம் மட்டும் சிறிது பிடித்தது. எனினும் நின்றவாறே தண்ணீர் பருகிவிட்டு நடந்தோம்.