விழிவழிக் கேள்வி

கேள்வியறிவைச் செவிக்குரிய செல்வமெனத் திருக்குறள் சிறப்பிக்கும். செவிப்புலன் இழந்தார்க்கு அச்செல்வம் விழிவழியே எய்துதல் கூடுமோ? கூடும் என்பதற்கு அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாறே சான்றாகும்.

உரையாடலையும், பேசுவோர் இன்னார் என்பதையும், கதவு தட்டும் ஓசையையும் எழுத்தாக்கித் திரையில் காட்டுவது திரையுரை எனப்படும். 1972இல் பாஸ்டன் நகர நிலையமொன்று ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை இவ்வாறு ஒளிபரப்பியது. 1980இல், வேண்டுவோர் மட்டும் காணத்தக்க மறைவுத் திரையுரை தோன்றியது. ஆயினும், அதனைக் காணத் தனிக்கருவியொன்றை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

1990ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலையை மாற்றியது. அதன்படி, 1993 முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் அளவுள்ள திரையுடைய புதிய பெட்டிகளிலேயே அவ்வசதி அமைக்கப்பெற்றது. கேளாதார் சுமந்த செலவு ஆக்குவோர் கடமையாயிற்று. சலுகை உரிமையாக மலர்ந்த இவ்வரலாறு, ஒலியும் ஒளியும் படைக்கும் ஒவ்வொருவர்க்கும் உரிய பாடமாகும்.