வரைதலை ஆய்வாகப் பயில்வது

அன்புள்ள மகளுக்கு,

வரைதலில் ஆய்வுப் பட்டம் என்பது நன்றாக வரையக் கற்பதன் அடுத்த படி அல்ல. கைத்திறனை வளர்க்க விரும்புவோருக்கு, 2000-இல் லண்டனில் தொடங்கி இன்று ராயல் டிராயிங் ஸ்கூல் என்று வழங்கும் பள்ளி போன்ற இடங்கள் உண்டு. ஆய்வில் சேருபவரிடம் எதிர்பார்க்கப்படுவது விடை காணாத ஒரு கேள்வியும், அதைத் தேடும் முறையும், பிறர் எடைபோடக்கூடிய விளக்கமும்.

பிரிட்டனில் இதைப் பற்றிய பேச்சு இன்றும் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993-இல் எழுதிய கட்டுரையைச் சுற்றியே நடக்கிறது. கலையைப் பற்றிய ஆய்வு, கலையின் வழியான ஆய்வு, கலைக்கான ஆய்வு என்று அவர் மூன்றாகப் பிரித்தார். முதலாவது வரலாறும் கோட்பாடும். இரண்டாவதில் செய்துபார்ப்பதே ஆய்வு. கண்டது எழுத்தில் பதிவாகும். மூன்றாவதில் சிந்தனை முழுதும் படைப்புக்குள் அடங்கிவிடுவதால், அதை ஆய்வாக ஏற்பதில் சிக்கல் உண்டு என்று அவரே கருதினார். மூன்றாவதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவதற்கு விண்ணப்பிப்பவர்கள்தான் பின்னால் மிகவும் அல்லல்படுகிறார்கள்.

ஓவியர் ஹம்ஃப்ரி ஓஷன் உருவப்படம் வரைகையில் அவருடைய கண்ணசைவையும் கையசைவையும் கருவிகளால் அளந்து, ஜான் சாலென்கோவும் ஆர்.சி. மையாலும் 2001-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வரையும்போது அவர் பார்வை மற்ற வேளையைவிட நீண்ட நேரம் ஒரே புள்ளியில் நின்றது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் எதை விட்டுவிடுவது என்று அந்தக் கணத்தில் எப்படி முடிவாகிறது, ஒரு கோடு பிழை என்று கைக்கு எப்போது தெரிகிறது என்பதைக் கருவி சொல்லாது. அதை வரைபவர்தான் உள்ளிருந்து சொல்ல முடியும். வரைதல்வழி ஆய்வுக்கு உரிய நிலம் இதுவே.

கேள்வி சிறியதாக இருக்க வேண்டும். ‘வரைதலும் நினைவும்’ என்பது ஒரு துறையின் பெயர். ஒரு தெருவை நேரில் வரைந்து, மறுநாள் நினைவிலிருந்து வரைந்தால் முதலில் மறைவது தூரமா, கூரைச் சாய்வா, மனிதர்களா என்பது கேள்வி. ஒவ்வொரு தாளின் பின்புறமும் தேதி, கரியா மையா, எங்கே ஏன் நிறுத்தப்பட்டது என்ற குறிப்பு வேண்டும். கெட்டுப்போன தாளைக் கிழிக்கவே கூடாது. முடிவு மாறிய இடம் அதில்தான் தெரியும். தேறிய படம் அதை மறைத்துவிடும்.

படிப்பில் டியானா பெதர்பிரிட்ஜின் ‘தி பிரைமசி ஆஃப் டிராயிங்’ (2010) தவிர்க்க முடியாதது. பேனாவும் மையுமாக வாழ்ந்த ஓவியர் எழுதிய வரைதல் வரலாறு அது.

பிரிட்டனில் முதலில் எம்ஃபில் நிலையில் பதிவாகி, இடைமதிப்பீட்டுக்குப் பின் முனைவர் நிலைக்கு உயர்வதே பரவலான வழக்கம். படைப்புகளும் சேர்ந்த ஆய்வேடு பல பல்கலைக்கழகங்களில் 30,000 முதல் 40,000 சொற்களுக்குள் அமைகிறது. வாய்மொழித் தேர்வில் படங்களும் எழுத்தும் சேர்ந்தே மதிப்பிடப்படும். படங்களை எடுத்துவிட்டாலும் வாதம் குறையின்றி நிற்குமானால், வரைந்தது ஏன் என்ற கேள்வி எழும். அசல் படங்களைத் தேர்வாளர்கள் நேரில் பார்க்க இடமும் நாளும் வேண்டும் என்பதால், நெறியாளரிடம் அதைச் சில மாதங்களுக்கு முன்பே பேசி உறுதிசெய்துகொள்வது மாணவரின் பொறுப்பு.

அன்புடன்,
பெரியப்பா