எந்தப் பொருள் எந்த நாளில் சேரும்? இணையக் கடை நடத்துவோருக்கு ஒரு பாடம்



வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கடை நடத்துவோர் நம் ஊர்களில் பெருகிவருகிறார்கள். அபாயா தைத்து விற்கிறார்கள். ஊறுகாய், நோன்புக் கஞ்சி மாவு தயாரித்து அனுப்புகிறார்கள். பத்தமடைப் பாய் நெய்யச் சொல்லி வாங்கித் தருகிறார்கள். ஆனால் பலருடைய கடைப்பக்கத்தில் எல்லாப் பொருளுக்கும் ஒரே வரிதான் இருக்கிறது: "5 முதல் 7 நாள்களில் கிடைக்கும்." அலமாரியில் தயாராக இருக்கும் தொப்பிக்கும் அதே நாள், அளவு கேட்டுத் தைக்கவேண்டிய அபாயாவுக்கும் அதே நாள். தொப்பி கேட்டு வந்தவர் "இதற்கு ஒரு வாரமா?" என்று வேறு கடைக்குப் போய்விடுகிறார். அபாயா கேட்டவருக்கோ நிகாஹ் முடிந்த பிறகு பார்சல் வந்து சேர்கிறது. தையலில் குறையே இல்லாவிட்டாலும் அந்த உடையால் அவருக்குப் பயனில்லை. ஆகவே டெலிவரி நாளைக் கடைக்கு ஒன்றாக அல்ல, பொருளின் வகைக்கு ஒன்றாகக் குறிக்கவேண்டும். அதை எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பார்ப்போம்.

வகை பிரித்தல்

விலையை வைத்துப் பிரிக்க வேண்டாம். தயாராக எவ்வளவு காலம் ஆகும் என்பதை வைத்துப் பிரிப்போம்.

1. கையிருப்புப் பொருள்: தொப்பி, நூல்கள், தஸ்பீஹ் போன்றவை. கட்டி அனுப்புவதுதான் வேலை. பிற்பகல் 2 மணிக்குள் வந்த ஆர்டர் அன்றே போகும், அதற்குப் பின் வந்தது மறுநாள் போகும் என்று ஒரு நேர வரம்பு வைத்தால் போதும்.

2. உணவுப் பொருள்: வாரத்தில் எந்த நாளில் தயாரிக்கிறோம் என்பதே இதன் நாளைத் தீர்மானிக்கும். வெளியூர்ப் பார்சலைத் திங்கள் முதல் புதனுக்குள் அனுப்பிவிடுவது நல்லது. வாரக் கடைசியில் அனுப்பினால் ஞாயிறன்று கூரியர் கிடங்கில் கிடக்கும். மேலும், பொருள் வாடிக்கையாளர் கையில் சேரும்போது அதன் ஆயுளில் 30 விழுக்காடு அல்லது காலாவதிக்கு 45 நாள்கள் மீதமிருக்கவேண்டும் என்பது இணைய உணவு விற்பனைக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் நெறி.

3. ஆர்டரின் பேரில் தைப்பது: அளவை உறுதிசெய்தல், தையல், சரிபார்த்தல் என மூன்று கட்டங்கள். அளவு உறுதியான நாளிலிருந்துதான் நாள் எண்ணப்படும் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடவேண்டும்.

4. கைவினைப் பொருள்: மணமக்களின் பெயரை நெய்து தரும் பத்தமடைப் பாய் இதற்கு எடுத்துக்காட்டு. நுணுக்கமான பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். கோரையைக் காயவைக்க வெயில் வேண்டும். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்திற்குத் தனி நாள்கணக்கு வேண்டும்.

நாளைக் கூட்டுதல்

தயாரிப்பு நாள், பயண நாள், விடுமுறை ஆகிய மூன்றையும் கூட்டவேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: அபாயாவுக்குத் தயாரிப்பு 6 வேலைநாள், கூரியருக்கு 3 முதல் 5 நாள். தையற்கூடத்திற்கு வெள்ளி விடுமுறை, கூரியருக்கு ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை ஆர்டர் வருகிறது. செவ்வாயன்று அளவு உறுதியாகிறது. புதன், வியாழன், சனி, ஞாயிறு தையல். அடுத்த திங்கள் சரிபார்த்து அனுப்புகிறோம். வியாழன் முதல் சனிக்குள் சேரும். 6ஐயும் 3ஐயும் கூட்டி "9 நாள்" என்று எழுதியிருந்தால் புதன்கிழமையே வாடிக்கையாளர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனவே "இத்தனை நாள்" என்று எழுதாமல், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று எழுதுவதே தெளிவு.

பயண நாளைப் பின்கோட்டை வைத்துப் பிரிக்கலாம். தமிழ்நாடு, கேரளம் ஆகியவற்றின் பின்கோடு 6இல் தொடங்கும். ஆனால் லட்சத்தீவின் பின்கோடும் 682 என்றே தொடங்கும். கடல் கடந்து போகவேண்டிய பார்சலுக்குக் கொச்சியின் கணக்கைப் போட்டுவிடக் கூடாது.

தயாரிப்பு நாளை மனக்கணக்கில் சொல்லாமல் பழைய ஏட்டைப் பார்த்து எடுக்கவேண்டும். ஒரு வகையில் கடைசி 30 ஆர்டர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆனது என்று வரிசைப்படுத்துங்கள். சராசரியை எடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தாமதமாகும். 30இல் 27 ஆர்டர்கள் எத்தனை நாளுக்குள் முடிந்தனவோ அந்த எண்ணை எடுங்கள்.

பெருநாளும் கலப்பு ஆர்டரும்

நோன்புப் பெருநாள் பிறையைப் பொறுத்தது. நோன்பு 29ஆகவும் முடியலாம், 30ஆகவும் முடியலாம். கடைசி ஆர்டர் தேதியை 29 என்றே வைத்துப் பின்னோக்கி எண்ணவேண்டும். அதுவும் வகைக்கு ஒரு கடைசித் தேதியாக. தொப்பிக்கு ரமலானின் மூன்றாம் பத்திலும் ஆர்டர் எடுக்கலாம். அபாயாவுக்கு அதற்கு வெகுமுன்பே நிறுத்தவேண்டியிருக்கும்.

ஒருவர் தொப்பியும் அபாயாவும் சேர்த்துக் கேட்டால், ஒரே பார்சலா, இரண்டு பார்சலா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடவேண்டும். ஒரே பார்சல் என்றால் பிந்திய தேதியைக் காட்டவேண்டும். இரண்டு என்றால் இரண்டு தேதி, இரண்டு கட்டணம்.

வூகாமர்ஸ் போன்ற கடை மென்பொருளில் பொருள்களை 'ஷிப்பிங் கிளாஸ்' என்று வகைப்படுத்தும் வசதி உண்டு. அது முதன்மையாகக் கட்டணத்திற்கானது. தேதி காட்டத் தனி இணைப்பு மென்பொருள் சேர்க்கவேண்டும். இல்லையேல் பொருள் பக்கத்தில் நாமே எழுதலாம். எதுவானாலும் நாம் கொடுக்கும் எண்ணைத்தான் அது கூட்டிக் காட்டும்.

சட்டமும் வாக்கும்

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சொன்ன காலம் தவறிப் பொருள் சேர்ந்தால் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. இயற்கைப் பேரிடர் போல நம் கைமீறிய காரணத்தால் ஏற்பட்ட தாமதத்திற்கு மட்டும் விலக்கு உண்டு. தையற்காரர் வரவில்லை என்பது அந்தக் கணக்கில் சேராது. எனவே தாமதம் ஆகும் என்று தெரிந்த அன்றே வாடிக்கையாளருக்குப் புதிய தேதியைச் சொல்லி, வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொல்லிவிடுங்கள். தேதி தெரிந்தால் அவர் மாற்று வழி தேடிக்கொள்வார்.

இந்த வாரம் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: வகை, தயாரிப்பு நாள், பயண நாள், விடுமுறை. உங்கள் கடையிலுள்ள எல்லாப் பொருளையும் அதில் எழுதிவிட்டு, "5 முதல் 7 நாள்கள்" என்ற பொது வரியைக் கடைப்பக்கத்திலிருந்து நீக்கிவிடுங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஏட்டோடு ஒப்பிட்டு எண்களைத் திருத்திக்கொள்ளுங்கள்.