‘ஒன்றுமில்லை’ என்று சொல்லாதே

அன்புள்ள கயல்விழி,

“புற்றுநோய் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்றுதானே சார் சொன்னேன், அந்த அம்மா ஏன் அழுதார்?” என்று கேட்டிருந்தாய். நான்கு நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் ஒரு திட்டு. அந்த அம்மாவின் காது நரம்புக் கட்டியை நீயும் ‘அக்கூஸ்டிக் நியூரோமா’ என்றே எழுதுகிறாய். இரண்டு சொல், இரண்டும் பிழை. கட்டி கிளம்புவது பெரும்பாலும் கேட்கும் நரம்பில் அல்ல, அதை ஒட்டி ஓடும் சமநிலை நரம்பில். அதுவும் நரம்பிழையிலிருந்து அல்ல, இழையைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களிலிருந்து. 1991-இலேயே அமெரிக்காவில் நிபுணர்கள் கூடி ‘வெஸ்டிபுலர் ஷ்வானோமா’ என்று சொல்லுங்கள் என்றார்கள். யார் கேட்டோம்?

அடுத்தது என் பழைய பல்லவி, தொலைபேசி. என்னிடம் வந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், “மணி அடிப்பது கேட்கிறது, பேசுவதுதான் புரியவில்லை” என்றார். குறும்பி என்று யாரோ ஓராண்டு சொட்டு மருந்து ஊற்றியிருந்தார்கள். “போனை எந்தக் காதில் வைப்பீர்கள்?” என்று கேட்டேன். கை வலக்காதுக்குப் போனது, தயங்கியது, இடக்காதுக்கு மாறியது. அந்தத் தயக்கம்தான் என்னை எம்.ஆர்.ஐ. எழுத வைத்தது. ஒரு காது மட்டும் மந்தமானால், ஒரு காதில் மட்டும் இரைச்சல் நீடித்தால், காரணம் தெரியும்வரை விடாதே. இதை ஆயிரம் முறை சொல்வேன்.

அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் 1917-இல் இந்தக் கட்டிக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். குஷிங் கட்டியின் உள்ளே குடைந்தெடுத்து, உறையை விட்டுவைத்தார். அன்றைய கவலை உயிர். இன்றைய கவலை முகம். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தக் கட்டியின்மேல் நாடாவாக இழுபட்டுக் கிடக்கிறது. அது போனால் சிரிப்பு கோணும், கண் மூடாது. இரவில் இமையை ஒட்டித் தூங்க வேண்டும். காது போனால் சாலையில் ஹாரன் எந்தப் பக்கம் என்று தெரியாது. அந்த அம்மா இதையெல்லாம் எங்காவது கேட்டிருப்பார். நீயோ ஒன்றுமில்லை என்றாய்!

மெதுவாக வளரும் கட்டி இது. சிறியதென்றால் அவ்வப்போது எம்.ஆர்.ஐ. எடுத்துக் காத்திருக்கலாம், கதிர்வீச்சு கொடுக்கலாம், அறுவையும் செய்யலாம். மூன்றையும், மூன்றிலும் இழக்கக்கூடியதையும் சொல். பிறகு, இதைக் கடந்துவந்த ஒருவரோடு பேச வை. அமெரிக்காவில் 1981-இல் இந்நோயாளிகளுக்கென ஒரு சங்கம் பிறந்தது. அதைத் தொடங்கியவரே ஒரு நோயாளிதான். பெயர், அக்கூஸ்டிக் நியூரோமா சங்கம். அவர்களோடு மட்டும் எனக்குச் சண்டையில்லை.

அந்த அம்மா மறுபடி வரும்போது நாற்காலியை அவருடைய நல்ல காதுப் பக்கம் போட்டுக்கொண்டு பேசு.

அன்புடன்,
உன் ஆசிரியர்